ஞானப்பல் எடுத்த பிறகு: குழியைச் சும்மா விடாததால் வரும் வினைகள்

ஞானப்பல் எடுத்தவர்கள் புண்ணைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் அக்கறை மிகுந்துபோய்த்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் சூடாக உப்புத் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பஞ்சை எடுத்துப் பார்க்கிறார்கள். கன்னத்தில் தைலம் தேய்க்கிறார்கள். கண்ணாடி முன் நின்று, செல்போன் வெளிச்சத்தில் குழிக்குள் எட்டிப் பார்த்து நாக்கால் தடவுகிறார்கள். இவை எல்லாமே முதல் நாளில் செய்யக் கூடாதவை.

காரணம் எளிது. பல் இருந்த குழியில் ரத்தம் நிரம்பி, ஜெல்லி போல உறைந்து நிற்கும். எலும்புக்கும் அதிலுள்ள நரம்பு முனைகளுக்கும் அதுதான் மூடி. அதன் மேல்தான் புதிய சதை வளர வேண்டும். முழங்காலில் சிராய்த்தால் பொருக்குத் தட்டுகிறதே, அதே வேலைதான். ஆனால் வாய்க்குள் ஈரமும் அசைவும் இருப்பதால் இந்தப் பொருக்கு மிக மென்மையானது; உறிஞ்சினால் கிளம்பிவிடும், துப்பினாலும் கிளம்பிவிடும்.

பஞ்சும் எச்சிலும்

மருத்துவர் கடிக்கச் சொல்லிக் கொடுத்த மடித்த துணியை 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பேச வேண்டாம். ரத்தத்தை நிறுத்துவது துணி அல்ல, அழுத்தம். நடுவில் திறந்து பார்த்தால் அழுத்தம் போய்விடும், உறைந்த ரத்தமும் துணியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

அடுத்தது துப்புவது. ரத்தத்தை விழுங்கினால் வாந்தி வரும் என்று பயந்து, வாஷ்பேசினை விட்டு நகராமல் துப்பிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு முறை துப்பும்போதும் வாய்க்குள் உறிஞ்சு விசை உண்டாகி, கசிவு திரும்பத் தொடங்கும். துப்பத் துப்ப ரத்தம் வரும். ரத்தம் வர வர மேலும் துப்புவார்கள். எச்சிலை விழுங்கிவிடுங்கள். ஒரு துளி ரத்தமே ஒரு வாய் எச்சிலைச் சிவக்க வைத்துவிடும், ஆகவே முதல் 24 மணி நேரம் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. தலையணையில் பழைய துண்டு ஒன்றை விரித்துப் படுத்தால் போதும்.

வாய் நிறையும் அளவுக்குச் சிவந்த ரத்தம் வந்தால் நிலைமை வேறு. நிமிர்ந்து உட்கார்ந்து, சுத்தமான காஸ் துணியை நனைத்துப் பிழிந்து, கெட்டியாக மடித்து, சரியாகக் குழியின் மேல் வைத்து 30 நிமிடம் கடியுங்கள். உதிரிப் பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் குழிக்குள் மாட்டிக்கொள்ளும். காஸ் இல்லாவிட்டால், நனைத்து ஆறவைத்த டீத்தூள் பை உதவும். தேயிலையின் துவர்ப்புக்கு ரத்தத்தைக் கட்டும் குணம் உண்டு. இரண்டு முறை இப்படிச் செய்தும் நிற்காவிட்டால், இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

உப்புத் தண்ணீர் நல்லதுதான், ஆனால் மறுநாள்

முதல் 24 மணி நேரம் கொப்பளிப்பே கூடாது. அதன் பிறகு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, சாப்பிட்ட பிறகெல்லாம், நாளுக்கு நாலைந்து முறை. செய்யும் விதம் முக்கியம்: கன்னத்தை உப்பி உப்பிக் குலுக்காமல், தண்ணீரை வாயில் வைத்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துவிட்டு, வாயைத் திறந்து தானாக விழவிடுங்கள்.

குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் மறுநாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். பல் துலக்கிய உடனே ஊற்றிக்கொள்வது வீண். பற்பசையின் நுரைப்பொருள் அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், அதனால் சொன்ன நாட்களுக்கு மேல் வேண்டாம்.

புண்ணுக்குப் பயந்து ஒரு வாரம் பல்லே துலக்காமல் இருப்பது இதற்கு நேர் எதிரான தவறு. குழியை ஒட்டிய இடத்தை மட்டும் சில நாள் விட்டுவிட்டு மற்ற பற்களை மறுநாள் முதல் மென்மையாகத் துலக்கலாம். வாய் அழுக்கானால் குழியும் அழுக்காகும்.

ஒத்தடம்: குளிர்ச்சியும் சூடும் இடம் மாறினால்

முதல் நாளே வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் பழக்கம். சூடு ரத்தக் குழாய்களை விரிக்கும்; கசிவும் வீக்கமும் கூடும். முதல் நாள் ஐஸ்தான், அதுவும் துணியில் சுற்றி, கன்னத்தின் வெளிப்பக்கம், 15 முதல் 20 நிமிடம் வைத்து அதே அளவு நேரம் எடுத்து. இரண்டு நாள் கழிந்த பிறகு வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம் கொடுக்கலாம்; இறுகிய தாடை இளகும். தைலம் தேய்த்து நீவுவது எந்த நாளிலும் வேண்டாம். முதல் சில இரவுகள் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தால் காலையில் முகம் அவ்வளவு உப்பாது.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும். வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். மூன்றாம் நாள் காலை முகத்தைப் பார்த்து, சீழ் பிடித்துவிட்டது என்று மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது வீண். அது இயல்பான வீக்கம். ஒரு வாரத்தில் வடியும். வடியத் தொடங்கிய வீக்கம் நான்கைந்து நாள் கழித்துத் திரும்ப ஏறினால், காய்ச்சலோ கெட்ட சுவையுள்ள கசிவோ சேர்ந்தால், அதுதான் தொற்றின் அடையாளம். வயதானவர்களுக்குக் கன்னத்திலிருந்து கழுத்துவரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போவதும் உண்டு. பார்க்கப் பயமாக இருக்கும், தானே மறைந்துவிடும்.

சாப்பாட்டில் இரண்டு பக்கத் தவறு

ஒரு பக்கம், சூடும் உறிஞ்சலும். கொதிக்கக் கொதிக்க ரசமும் காபியும் முதல் நாளுக்கு ஆகாது. இளநீரை ஸ்ட்ரா போட்டுக் குடிக்கக் கூடாது. டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். முருங்கைக்காயும் நல்லி எலும்பும் மாங்கொட்டையும் உறிஞ்சித் தின்பவை என்பது பலருக்கு அந்த நேரத்தில் தோன்றுவதில்லை. ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். தயிர் சாதம் மிக நல்ல தேர்வு, ஆனால் தாளிக்காமல். குழிக்குள் மாட்டும் ஒரு கடுகு தரும் தொல்லை சொல்லி மாளாது. எள், பொரி, முறுக்கு, ரவைக் குருணை எல்லாம் அதே வகை.

மறு பக்கம், பத்தியம். கத்திரிக்காய் கரப்பான், முட்டையும் மீனும் சீழ் வைக்கும், தயிர் ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு வெறும் கஞ்சித் தண்ணீரில் ஒரு வாரத்தை ஓட்டுகிறார்கள். சீழ் பிடிப்பது கிருமியால், முட்டையால் அல்ல. புதிய சதை வளரப் புரதம் வேண்டும். குழைந்த பருப்பு சாதம், ஆறிய சாம்பாரில் ஊறிய இட்லி, ராகிக் கூழ், மசித்த முட்டை, முள்ளில்லாத மீன், வாழைப்பழம் எல்லாம் சாப்பிடலாம். மரத்துப்போன உணர்ச்சி திரும்ப மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். அதற்குள் மென்று சாப்பிட்டால் உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொள்வீர்கள், வலிக்கும் வரை அது தெரியாது.

சர்க்கரை நோயாளிகள் செய்யும் ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. வாய் திறக்க முடியாமல் பாதிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, இன்சுலினையோ மாத்திரையையோ வழக்கமான அளவிலேயே போட்டுக்கொள்வது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சிகிச்சைக்கு முன்பே, சாப்பாடு குறையும் நாட்களில் மருந்தை எப்படி மாற்றுவது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கும் இதய நோயாளிகள் அதைத் தாங்களாகவே நிறுத்துவதும் இதே அளவு ஆபத்து.

மாத்திரைகள்

வலி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பவர்கள் முதல் இரவில் திண்டாடுவார்கள். மரப்பு விலகும் முன்பே முதல் வலி மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும், அதுவும் ஏதாவது சாப்பிட்ட வயிற்றில். பாராசிட்டமாலும் இப்யூபுரூஃபெனும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட நன்றாக வலி அடக்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ஆஸ்துமா உள்ளவர்கள் இரண்டாவதைக் கேட்காமல் தொடக் கூடாது. இரட்டிப்பாகப் போடுவதுதான் அடிக்கடி நடப்பது. எழுதிக்கொடுத்த சீட்டில் அசெக்ளோஃபெனாக் இருக்கும், அதன் மேல் வீட்டில் கிடக்கும் டைக்ளோஃபெனாக்கையும் போடுவார்கள். இரண்டும் ஒரே இனம். வலி பெரிதாகக் குறையாது, வயிறும் சிறுநீரகமும் அடிபடும். வலிக்காக ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தம் கசிய விடும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் அது முடிந்து இரண்டு நாள் ஆகும்வரை மது தொடக் கூடாது.

வலி குறைந்து, பிறகு கூடினால்

சாதாரண வலி நாளுக்கு நாள் இறங்கும். இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையே திடீரென்று ஏறி, காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் இழுத்து, மாத்திரைக்கு மசியாமல், வாயில் நாற்றமும் சேர்ந்தால் அது டிரை சாக்கெட். குழியில் உறைந்த ரத்தம் கரைந்தோ பெயர்ந்தோ போய் எலும்பு திறந்து கிடக்கிறது என்று பொருள். கீழ்த்தாடை ஞானப்பல்லில் இது அதிகம். எடுக்கச் சிரமப்பட்ட பல், கருத்தடை மாத்திரை, எல்லாவற்றுக்கும் மேல் புகை ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். பீடியை இழுப்பதில் உறிஞ்சலும் சூடும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் நிகோடினும் சேர்ந்தே வருகின்றன. மூன்று நாள் கட்டாயம், ஒரு வாரம் விட்டால் நல்லது. வாயில் அடக்கும் புகையிலையும் வெற்றிலை பாக்கும் இந்தக் கணக்கில் அடக்கம்.

டிரை சாக்கெட்டுக்கு ஆன்டிபயாடிக் தீர்வாகாது. மருத்துவர் குழியைக் கழுவி, யூஜெனால் கலந்த மருந்துத் திரியை வைப்பார். சிறிது நேரத்திலேயே வலி இறங்கும். தேவைப்பட்டால் ஓரிரு நாளுக்கொருமுறை மாற்ற வேண்டியிருக்கும். யூஜெனால் கிராம்பிலிருந்து கிடைப்பதுதானே என்று கிராம்புத் தைலத்தைக் குழிக்குள் ஊற்றாதீர்கள். நேரடியாகப் பட்டால் சதை வெந்துபோகும்.

குழியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று குச்சியாலும் ஊக்காலும் சுரண்டுவது வேறொரு வகைக் கேடு. மூன்றாம் நாளிலிருந்து தெரியும் வெள்ளையும் மஞ்சளுமான படலம் ஆறும் புண்ணின் இயல்பான தோல். சீழ் என்றால் வழியும், அழுத்தினால் வரும், சுவை கெட்டிருக்கும்.

மேல் பல், வாய் திறப்பு, மரப்பு

மேல்தாடை ஞானப்பல்லின் வேர், மூக்கோடு இணைந்த காற்றறையான சைனஸை ஒட்டியிருக்கலாம். அப்படி எடுத்தவர்கள் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், கபாலபாதி மாதிரி மூச்சுப் பயிற்சிகள் வேண்டாம். குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வந்தால் உடனே சொல்லுங்கள். மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு.

தாடை இறுகி இரண்டு விரல்கூட நுழையாமல் போவது ஒன்றிரண்டு வாரம் நீடிக்கலாம். அப்படியே விட்டால் இறுக்கம் நீளும். நான்காம் நாளிலிருந்து கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மேல், கீழ்ப் பற்களில் ஊன்றி, வலி தொடங்கும் இடம்வரை மெல்லத் திறந்து ஐந்து விநாடி நிறுத்துங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. இறுக்கத்தோடு விழுங்க முடியாமை, நாக்கின் அடியில் வீக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை மறந்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மறுநாளும் உதடோ தாடை முனையோ நாக்கோ மரத்தே இருந்தால், சரியாகிவிடும் என்று மாதக்கணக்கில் சும்மா இருக்க வேண்டாம். நரம்பு நசுங்கியதால் வரும் மரப்பு பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும். ஆனால் எந்த இடம், எவ்வளவு என்று மருத்துவர் தொடக்கத்திலேயே குறித்துவைத்தால்தான் முன்னேற்றத்தை அளக்க முடியும்.

கறுப்புப் பட்டுத் தையலை ஏறத்தாழ ஏழாம் நாள் எடுக்க வேண்டும். வலி இல்லை என்று அதற்குப் போகாமல் விட்டால் நூலில் அழுக்குச் சேர்ந்து ஈறு வீங்கும். கரையும் நூல் என்றால் நாக்கால் இழுக்காமல் விட்டுவிடுங்கள். ஈறு மூட மூன்று முதல் ஆறு வாரம், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். அதுவரை கீழ்க் குழி ஒரு கிண்ணம் மாதிரி சோற்றுப் பருக்கையைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரத்துக்குப் பிறகு, முனை மழுங்கிய வளைந்த சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை எடுத்து மெல்லப் பீய்ச்சிக் கழுவுங்கள். எந்தக் கோணத்தில் என்று தையல் எடுக்கப் போகும்போது மருத்துவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்த மூன்றாம், நான்காம் வாரத்தில் கன்னம் திடீரென வீங்கினால், அடியில் தங்கிய உணவால் வந்த தாமதத் தொற்றாக இருக்கலாம். அப்போதும் பல் எடுத்த இடத்துக்கே திரும்பிப் போய்க் காட்ட வேண்டும்.