ஓடும்போது வர்ற முன்னங்கால் வலி, எனக்கு சரியானது இப்படித்தான்

மாரத்தான்னா 42.195 கிலோமீட்டராச்சே, அதுக்காக செங்கோட்டைல கிளம்பி புளியரை தாண்டி கோட்டைவாசல் மேடு ஏறி இறங்கி பழகிட்டு இருந்தப்போ முட்டிக்குக் கீழ இருக்கிற முன்னங்கால் எலும்போட உள்பக்கம் நீளவாக்குல வலி, ஆரம்பத்துல சுள்ளுன்னு இருக்கும், உடம்பு சூடானா குறையும், ஓடி முடிச்சதும் திரும்ப வந்துரும். ஷின் ஸ்பிளின்ட்னு சொல்றது இதைத்தான்.

ஏத்தத்துல மூச்சுதான் வாங்கும், காலை கெடுக்கிறது இறக்கம்தான். அதனால மேட்டை அப்படியே விட்டுட்டு வயக்காட்டு மண்பாதைல கொஞ்சம் நடை கொஞ்சம் ஓட்டம், மத்த நாள் சைக்கிள். காலடியை சின்னதாக்கி சீக்கிரம் சீக்கிரமா எடுத்து வச்சேன் பாருங்க, அதுலதான் பெரிய வித்தியாசம் தெரிஞ்சுது. ஆரியங்காவு சேட்டன் ஒருத்தர் தைலம் போட்டு உருவச் சொன்னாரு, வாசனை நல்லாத்தான் இருந்துச்சு! ஐஸும் மரத்துப்போக வைக்கும், அவ்ளோதான்.

வலி அடங்கினப்புறம் படி ஓரத்துல நின்னு குதிகாலைத் தூக்கி மெதுவா இறக்குறது, முட்டியை நேரா வச்சும் மடக்கியும். கெண்டைக்கால் பலமாச்சுன்னா எலும்புக்கு பாரம் குறையும்.

ஆனா ஒரே புள்ளில விரல் வைக்க முடியாம வலிச்சா, ராத்திரி படுத்தாலும் குடைஞ்சா, எலும்புல கீறலா இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டர்ட்ட போங்க. தொடக்கத்துல எக்ஸ்ரேல அது தெரியாமலும் போகும், எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா தட்டாதீங்க.