கொண்டை ஊசி வளைவில் படுத்துவிட்ட ஸ்பீடோமீட்டர்

ஏற்காடு ஏறும்போது ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்த ஒரு வளைவில் ஸ்பீடோமீட்டர் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது, கூடவே ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் எரிந்தது. வண்டி 2003 மாடல் ஸ்போர்ட்ஸ் கார். சேலத்தில் மீட்டரையே மாற்றச் சொன்னார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டும் ஒன்றாகப் போனால் கோளாறு பொதுவான இடத்தில்தான், அதாவது சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்கும் சென்சாரில்தான் இருக்கும். இந்த வண்டியில் வேகக் கணக்கு அங்கிருந்துதான் மீட்டருக்கும் போகிறது.

ஜாக்கி போட்டு, சென்சார் இணைப்பில் மல்டிமீட்டர் வைத்தேன். மின்தடை 1.1 கிலோ ஓம், சரி. அப்புறம் தம்பியை ஸ்டீயரிங்கை ஒடிக்கச் சொன்னேன், ரீடிங் காணாமல் போனது! வயர் மடங்கும் இடத்தில் மேலுறை நன்றாக இருந்தது, கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து அறுந்திருந்தது. அங்கே சாலிடர் வைக்காதீர்கள், ஆடி ஆடித் திரும்ப அறுந்துவிடும். சென்சாரை வயரோடு மாற்றினேன். 20 வளைவும் ஏறி இறங்கிவிட்டேன், விளக்கு எரியவே இல்லை.