பூ வரையும்போது நிழலை முதலில் பூசிவிடுங்கள்

அக்ரிலிக்கில் பூச்சாடி வரையும்போது, ஒவ்வொரு பூவுக்கும் அதன் நிழல் நிறத்தை முதலில் மொத்தமாகப் பூசிக் காயவிடுங்கள். சிவப்பு ரோஜாவுக்குக் கருஞ்சிவப்பு. வெள்ளைப் பூவுக்கு நீலம் கலந்த சாம்பல். அப்புறம் தட்டைப் பிரஷில் வெளிர் நிறத்தைத் தாராளமாக எடுத்து, ஓர் இதழுக்கு ஒரே இழுப்பு. இதழ்களுக்கு நடுவே நூலளவு இடைவெளி இருக்கட்டும்.

அந்த இடைவெளியில் எட்டிப் பார்க்கும் அடி நிறமே நிழலாகிவிடும். மெல்லிய பிரஷை வைத்துக்கொண்டு ஓரம் ஓரமாக நிழல் போடும் வேலை அப்படியே மிச்சம். இழுப்பின் முடிவில் வண்ணம் தேய்ந்து, பிரஷ் மயிரின் வரிகள் தெரியும் பாருங்கள், இதழின் நரம்பு போலவே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஆசையில் அதை மறுபடி தடவிவிடாதீர்கள். அக்ரிலிக் சில நிமிடங்களிலேயே ஆடை கட்டத் தொடங்கிவிடும், அதன்மேல் பிரஷ் போனால் பிய்ந்து திட்டுத் திட்டாகிவிடும். சரியாக வரவில்லையா? காய்ந்தபின் மேலேயே இன்னொரு இழுப்பு போடுங்கள்.

மஞ்சளுக்கு மறைக்கும் திறன் குறைவு, அதனால் கொஞ்சம் வெள்ளை சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாட்டர்கலருக்கு இந்த முறை சரிப்படாது. அதில் அடி நிறம் ஊடுருவித் தெரியும் என்பதால் வெளிரிலிருந்து அடர்த்திக்குத்தான் போக வேண்டும். ஆயில் பெயின்டில் செய்யலாம், ஆனால் அடிப்பூச்சு காய நாள் கணக்கில் ஆகும். ஈரத்தின்மேலேயே வரைந்தால் ஒவ்வோர் இழுப்புக்கும் பிரஷைத் துணியில் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் நிறம் கலங்கிவிடும்.