தகட்டை நம்பாதே, ராடைப் பார்: ஜாவாவின் கரும்பு என்ஜின்களைக் குறித்துவைக்க

என் அப்பா திருச்சி பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். சின்ன வயதில் என்னை ஒரு நீராவி என்ஜின் பக்கத்தில் நிறுத்தி அவர் சொன்ன முதல் பாடம்: "தகட்டை நம்பாதே, ராடைப் பார்." தகடு என்றால் கட்டியவர் பெயரும் எண்ணும் பொறித்தது, ராடு என்றால் சக்கரங்களைக் கோக்கும் இரும்புத் தண்டு. ஜாவாவின் சர்க்கரை ஆலைகளில் கரும்பு இழுக்கும் நீராவி என்ஜின்களைத் தேடி நான்கு பருவம் சுற்றிய பிறகுதான் அந்த வார்த்தையின் முழு எடை எனக்குத் தெரிந்தது. அங்கே போகிறவர்கள் எல்லோரும் படம் எடுக்கிறார்கள், அளவெடுக்க ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

போக வேண்டிய காலம், ஆலை அரைக்கும் பருவம். மே கடைசி, ஜூன் வாக்கில் தொடங்கி செப்டம்பர், அக்டோபர் வரை ஓடும். அதை அங்கே 'கிலிங்' என்பார்கள். மற்ற மாதங்களில் என்ஜின் கொட்டகை பூட்டிக் கிடக்கும், பேச ஆளும் இருக்காது. வாசல் காவலரிடம் சொல்லி, அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டு உள்ளே போங்கள். வயதில் மூத்த எவரையும் 'பாக்' என்று கூப்பிடுங்கள், நம் ஊரில் ஐயா என்பதுபோல. என்ஜினைக் காட்டி "மாசிஹ் ஹிடுப்?" என்று கேளுங்கள். இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பொருள். ஓடுகிற எந்திரத்துக்கும் அவர்கள் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஐந்து மீட்டர் டேப், சாக்பீஸ், சின்னக் குப்பியில் மண்ணெண்ணெய், கொஞ்சம் காட்டன் வேஸ்ட், டார்ச், பென்சில், தடித்த அட்டை போட்ட நோட்டு. வேர்வையும் எண்ணெயும் பட்டால் பேனா எழுத்து கலைந்துவிடும், பென்சில் நிற்கும்.

தண்டவாளத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு தண்டவாளத் தலைகளின் உட்பக்கத்துக்கு நடுவே அளக்க வேண்டும். ஜாவாவில் பெரும்பாலும் 700 மில்லிமீட்டர் வரும். 600, 750 போட்ட ஆலைகளும் உண்டு. வளைவில் அளக்காதீர்கள், பழைய பாதை அங்கே அகன்று போயிருக்கும். நேரான இடத்தில் மூன்று முறை அளந்து மூன்றையும் எழுதுங்கள். சக்கர விட்டத்துக்கு ஒரு சுலபமான வழி: தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து அச்சின் நடுப்புள்ளி வரை அளந்து இரண்டால் பெருக்கினால் போதும்.

அச்சுகளை எண்ணும்போது குனிந்து, கரும்புத் தோகையை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். ஓரென்ஸ்டைன் கொப்பல் என்ற ஜெர்மன் கம்பெனி கட்டிய சில என்ஜின்களில் ஐந்து அச்சு இருக்கும், சைடு ராடு நடு மூன்றை மட்டும் கோத்திருக்கும். முன்னும் பின்னும் தனியாகத் தெரிகிற சக்கரங்கள் வெறுமனே உருள்பவை என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே பல்சக்கரம் வழியாக அவற்றுக்கும் விசை போகிறது. லுட்டர்மொல்லர் அமைப்பு என்று இதற்குப் பெயர். வயலோரத்து இறுக்கமான வளைவில் திரும்புவதற்காகச் செய்தது. அவசரத்தில் மூன்றச்சு என்று எழுதிவிட்டால் அந்த என்ஜினின் சிறப்பே போய்விடும்.

இப்போது தகடு. கட்டிய கம்பெனி, ஊர், எண், சிலவற்றில் ஆண்டும் இருக்கும். பெர்லின் ஓரென்ஸ்டைன் கொப்பல்தான் அதிகம். போர்சிக், யுங், ஹாலந்தின் டு க்ரூ அண்ட் பிரவுன்ஸ் போன்றவையும் கண்ணில் படும். பதி மாவட்டத்துத் திராங்கில் ஆலைக்கு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் கம்பெனி 1971-இல் அனுப்பியது ஒன்று. ஹன்ஸ்லெட் ஆலைத் தொழிலுக்குக் கட்டிய நீராவி என்ஜின்களில் அதுவே கடைசி. 2004-இல் அது இங்கிலாந்துக்கே திரும்பிப் போய்விட்டது. அதன் கட்டுமான எண் 3902. ஆலை மாறும், வண்ணம் மாறும், பக்கத்தில் எழுதிய எண்ணும் மாறும். என்ஜினுக்கு நிலையான பெயர் இந்தக் கட்டுமான எண்தான்.

தகட்டோடு நின்றுவிடாதீர்கள். நான் முதலில் போன ஆலையில் ஒரு கறுத்த நான்கச்சு என்ஜின். தகடு பளபளவென்று இருந்தது, எண்ணை எழுதிக்கொண்டேன். அப்புறம் அப்பா சொன்னது நினைவுக்கு வர, சைடு ராடின் முனையில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். விரல் தடிமனுக்கு எண்ணெய்க் களிம்பும் சக்கைத்தூளும் இறுகிப் போயிருந்தன. பத்து நிமிடம் தேய்த்ததும் இரும்பின் நிறம் வந்தது. சாக்பீஸைப் படுக்கப்போட்டு உரசியதும் உளியால் குத்திய எண்கள் வெள்ளையாக எழுந்தன. தகட்டில் இருந்த எண் அல்ல, வேறு. மறுபக்கத்து ராடில் இன்னொன்று. கொட்டகைப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பின்னால் புல் மூடிக் கிடந்த இரண்டு என்ஜின்களின் வெற்றுச் சட்டங்களைக் கைகாட்டினார். உதிரிபாகம் வராத ஊரில் மூன்று என்ஜினைக் கொண்டு ஒன்றை ஓட்டியிருக்கிறார்கள். ராடு, சிலிண்டர் மூடி, சிலிண்டருக்குள் நீராவியை விடும் வால்வு கியர் எல்லாவற்றிலும் எண் தேடுங்கள். எந்த எண் எந்தப் பக்கத்தில், எந்தப் பாகத்தில் என்று படம் வரைந்து குறியுங்கள்.

எரிபொருளை விடாமல் கேளுங்கள். கரும்புச் சக்கையைக் கட்டுக் கட்டாக அழுத்தி வைத்து அதையே எரிப்பார்கள், அங்கே அதற்கு 'அம்பாஸ்' என்று பெயர். காகிதம்போல ஒரே மூச்சில் எரிந்துவிடும். கதவைச் சாத்திவிட்டு, அடுப்பில் எரிபொருள் போடும் ஃபயர்மேன் நிமிர்வதற்குள் அடுத்த கட்டு கேட்கும். அதனால்தான் என்ஜினுக்குப் பின்னால் கோத்த எரிபொருள் வண்டியான டெண்டரில் வைக்கோல் போர் மாதிரி குவித்திருப்பார்கள். பொறி வெளியே பறக்காமலிருக்கப் புகைபோக்கியின் தலை குடம்போலப் பருத்திருக்கும். அதன் விட்டத்தையும் அளங்கள். பிரஷர் கேஜில் சிவப்புக் கோடு எந்த எண்ணில் இருக்கிறது என்றும் எழுதுங்கள்.

கடைசியாக ஆட்களின் பேச்சு. எந்தப் பாதை எந்த ஊர்வரை போனது, எந்த ஆண்டு தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள் என்று கேட்டால் அவர்கள் முகமே மாறும். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்துக்கு முன்பு ஜாவாவில் 170-க்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்தன. ஆலையே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்ட காலத்தில், அறுவடை நடக்கிற வயலுக்குத் தண்டவாளத்தையும் அதுவே தூக்கிப் போட்டது. 1975-இல் வந்த அதிபர் உத்தரவு கரும்புச் சாகுபடியை விவசாயிகள் கையில் கொடுத்தது. கரும்பு துண்டு துண்டு நிலங்களுக்குச் சிதறியது, லாரி வந்தது. வயலுக்குப் போன என்ஜின் ஆலை முற்றத்துக்குள் சுருங்கியது. முற்றத்திலும் டீசல் வந்த பிறகு நின்றே போனது. கிழக்கு ஜாவாவில் சிதுபொண்டோ அருகே ஓலேயான் ஆலைதான் வயல்வரை நீராவியை அனுப்பியவற்றில் கடைசி வரிசை. சோலோவுக்குக் கிழக்கே, 1871-இல் மங்குநெகாரா அரசவை தொடங்கிய தாசிக்மாடு ஆலையில் என்ஜின் சுற்றுலாப் பயணிகளை இழுத்ததுண்டு. அதையும் குறியுங்கள், ஆனால் வேலை பார்த்த என்ஜினின் கணக்கில் சேர்க்காமல் தனியாக.

அளந்ததை அன்றிரவே சுத்தமாக எழுதிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். நான் ராடு தேய்த்த அந்த என்ஜினுக்குச் சிலிண்டர் விட்டம் எடுக்காமல் வந்துவிட்டேன். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்துப் போனபோது கொட்டகையில் எண்ணெய் படிந்த தரை மட்டும் இருந்தது. எடைக்கு வெட்டிவிட்டார்களாம். என் நோட்டில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

சுத்தமாக எழுதிய பக்கங்களை ஒரு ஜெராக்ஸ் போட்டு, கொட்டகைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். தவறு இருந்தால் அவரே அங்கேயே திருத்துவார். எனக்கு ஒருவர் இரண்டு எண்களைத் திருத்தித் தந்தார், சாக்பீஸைக் கையில் வாங்கித் தரையில் எழுதிக் காட்டி.