பேஸ் கிட்டார் ஆம்ப்பின் ஒலியை ப்ரீஆம்ப் கொண்டு வடிவமைத்தல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பேஸ் ஆம்ப் என்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் பெட்டிக்குள் இரண்டு தனித்தனிப் பகுதிகள் உள்ளன. கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்அப்பிலிருந்து வரும் நலிந்த சிக்னலை வலுவாக்கி அதன் ஒலித்தன்மையைத் தீர்மானிப்பது ப்ரீஆம்ப். அந்தச் சிக்னலை ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெருக்குவது பவர் ஆம்ப். ஒலியின் குணம் பெரும்பாலும் முதல் பகுதியிலேயே உருவாகிவிடுவதால், தனியாக ஒரு ப்ரீஆம்ப் பெடலை இணைத்தாலே ஆம்ப்பை மாற்றாமல் ஒலியை வெகுவாக மாற்றிவிடலாம். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட கருவி என்பதால், எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் அதையே குறிப்பிடுகிறேன். பிற ப்ரீஆம்ப்களுக்கும் முறை இதுதான்.

படி 1: எங்கே இணைப்பது?

இணைக்க இரண்டு வழிகள் உண்டு. ப்ரீஆம்ப்பின் அவுட்புட்டை ஆம்ப்பின் முகப்பிலுள்ள இன்புட்டில் செருகுவது ஒன்று. பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே வெளிக்கருவியை இணைக்கும் ஜாக்குகள்) இருந்தால் அதன் ரிட்டர்ன் ஜாக்கில் செருகுவது மற்றொன்று. முதல் வழியில் சிக்னல் இரண்டு ப்ரீஆம்ப்களைக் கடந்து செல்கிறது. பெடலில் நீங்கள் கூட்டியதை ஆம்ப் குறைக்கவும், ஏற்கெனவே மிகுந்திருப்பதை மேலும் கூட்டவும் கூடும் என்பதால், எந்தக் குமிழ் எதைச் செய்கிறது என்பதே தொடக்கநிலையினருக்குப் புரியாமல் போகும். ரிட்டர்ன் வழியே போனால் பெரும்பாலான ஆம்ப்களில் முகப்பின் கெயினும் (உள்வரும் சிக்னலைப் பெருக்கும் குமிழ்) டோன் குமிழ்களும் விலக்கப்பட்டு, சிக்னல் நேராகப் பவர் ஆம்ப்பை அடையும். லூப் இருந்தால் அதையே முதலில் முயன்று பாருங்கள். ஒலி மெலிந்து கேட்டால், பெடலின் அவுட்புட் அந்த ஜாக் எதிர்பார்க்கும் அளவுக்கு வலுவாக இல்லை என்று பொருள். அப்போது இன்புட்டுக்கே திரும்பிவிடலாம்.

ஸ்பீக்கருக்குச் செல்லும் அவுட்புட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் ப்ரீஆம்ப்பில் செருகக் கூடாது, கருவி எரிந்துவிடும்.

படி 2: ஆம்ப்பைச் சமநிலைக்குக் கொண்டுவருதல்

இன்புட் வழியே இணைத்தவர்கள் ஆம்ப்பின் டோன் குமிழ்களை முதலில் சமநிலையில் வைக்க வேண்டும். எல்லாக் குமிழ்களையும் நடுவில் நிறுத்தினால் போதும் என்ற நம்பிக்கை எல்லா ஆம்ப்களுக்கும் பொருந்தாது. பீட்டர் பாக்சாண்டால் 1952-இல் வெளியிட்ட சுற்றின் வழிவந்த ஆக்டிவ் டோன் அமைப்புகளில் நடு நிலை என்பது கூட்டலும் குறைத்தலும் இல்லாத நிலைதான். ஆனால் பழைய ஃபெண்டர் ஆம்ப்களின் பாணியில் அமைந்த டோன் சுற்றில், குமிழ்களை நடுவில் வைத்தாலே மிட் (நடு அலைவரிசை) பகுதி குழிந்திருக்கும். அங்கே பேஸ் (தாழ் அலைவரிசை) குமிழையும் ட்ரெபிள் (உயர் அலைவரிசை) குமிழையும் 2-ஐ ஒட்டி இறக்கி, மிட்டை 10 வரை ஏற்றினால்தான் ஏறத்தாழச் சமமான ஒலி கிடைக்கும்.

படி 3: கெயின்

கிட்டாரின் வால்யூமை முழுதாகத் திறந்து, மிகத் தடித்த கம்பியை மேடையில் எவ்வளவு பலமாக அடிப்பீர்களோ அவ்வளவு பலமாக அடியுங்கள். சிக்னல் அளவு மீறிச் சிதைவதைக் காட்டும் கிளிப் விளக்கு மின்னும் வரை கெயினைக் கூட்டி, பிறகு விளக்கு அணையும் அளவுக்குச் சற்றே குறைக்கவும். விளக்கு இல்லாத கருவியில் காதுதான் அளவுகோல். அறைக்குத் தேவையான சத்தத்தை லெவல், மாஸ்டர் குமிழ்களில்தான் கூட்ட வேண்டும், கெயினில் அல்ல. ஆக்டிவ் பேஸ் (பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப் உள்ளேயே அமைந்த கிட்டார்) வைத்திருப்பவர்கள் ஆம்ப்பில் ஆக்டிவ் என்று குறித்த இன்புட்டோ, சிக்னலின் வலுவைக் குறைக்கும் பேட் பொத்தானோ இருந்தால் பயன்படுத்தலாம். கெயினைக் குறைத்த பிறகும் ஒலி கரகரத்தால், ப்ரீஆம்ப்பைச் சந்தேகிக்கும் முன் கிட்டாருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

படி 4: டோன் குமிழ்கள்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். நான்கு கம்பி பேஸின் ஈ கம்பி, அழுத்தாமல் மீட்டும்போது ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்றே உள்ள சிறிய ஆம்ப்கள் அந்த அடிநாதத்தை வலுவாக எழுப்புவதில்லை. நம் காதுக்கு எட்டுவது பெரும்பாலும் 82 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் எழும் துணை அதிர்வுகளே. அப்படியிருக்க, பேஸ் குமிழை முழுவதும் ஏற்றினால் ஸ்பீக்கர் கூம்பு வீணாக முன்னும் பின்னும் பாயுமே தவிர, ஒலியில் கனம் கூடாது. அதற்கான விலையும் சிறிதல்ல: 6 டெசிபெல் கூட்டினால் அந்த அலைவரிசையில் பவர் ஆம்ப் 4 மடங்கு திறனைத் தர வேண்டியிருக்கும், 10 டெசிபெல் கூட்டினால் 10 மடங்கு.

ஆகவே கூட்டுவதற்கு முன் குறைத்துப் பழகுங்கள். ஏ கம்பியை அழுத்தாமல் ஒரு முறை மீட்டுங்கள். பிறகு அதே சுரத்தை ஈ கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டுமே 55 ஹெர்ட்ஸ்தான் என்றாலும், இரண்டாவது சற்று மந்தமாகவும் தடித்தும் கேட்கும். அந்தத் தடிப்பு குழப்பமான முழக்கமாக மாறினால், பெரும்பாலும் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மிகுந்திருக்கிறது. மிட்டின் அலைவரிசையை நகர்த்தும் வசதி இருந்தால், மிட்டை நன்றாகக் கூட்டி, அலைவரிசைக் குமிழை மெதுவாகத் திருகி, ஒலி மிகவும் சகிக்க முடியாமல் ஆகும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே 3 அல்லது 4 டெசிபெல் குறைத்துவிடுங்கள்.

வீட்டில் தனியே வாசிக்கும்போது மிட்டைக் குறைத்து, பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிய ஒலி மிக இனிமையாகத் தோன்றும். அதே அமைப்போடு குழுவில் வாசித்தால், கீழ்ப்பகுதியை கிக் டிரம்மும் மேற்பகுதியை சிம்பல்களும் கிட்டார்களும் மூடிவிட, பேஸ் இருக்கும் இடமே தெரியாது. குழுவுக்குள் ஒவ்வொரு சுரமும் துலங்க வைப்பது 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிதான். சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரின் முதல் பதிப்பில் மிட் குமிழே கிடையாது. இரண்டாம் பதிப்பில் அதைச் சேர்த்தபோது 500, 1000 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு நிலைகளைத்தான் வைத்தார்கள். தனியே கேட்டால் சற்று மூக்கடைத்தாற்போல் தோன்றும் மிட், டிரம்ஸோடு சேரும்போது சரியாக அமைந்துவிடும். எனவே இறுதி முடிவைக் குழுவோடு வாசிக்கும்போதுதான் எடுக்க வேண்டும். படுக்கையறையில் எடுத்த முடிவு ஒத்திகையில் நிற்பது அரிது.

ட்ரெபிளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விரலால் வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் போதும். கட்டைவிரலால் கம்பியை அடித்து ஸ்லாப் வாசிப்பவர்களுக்கு 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி தேவைப்படும்.

படி 5: டிரைவும் பிளெண்டும்

டிரைவைக் கூட்டினால் ஒலியில் துணை அதிர்வுகள் பெருகி, வால்வு ஆம்ப்பை அழுத்தி ஓட்டுவது போன்ற உறுமல் வரும். கூடவே அடிக்கனம் கரைவதும் உண்டு. அதைத் தடுக்கவே பிளெண்ட் குமிழ் இருக்கிறது: பதப்படுத்தாத சிக்னலையும் டிரைவ் ஏறிய சிக்னலையும் அது கலந்து தருகிறது. பாதியில் தொடங்கி, மெதுவாகத் தொடும்போது தெளிவாகவும் அழுத்தி வாசிக்கும்போது மட்டும் உறுமலோடும் ஒலிக்கும் இடம் வரை நகர்த்துங்கள்.

படி 6: மேடை ஒலியமைப்போடு இணைத்தல்

எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்களில் உள்ள மூன்று முனை இணைப்பு) அவுட்புட் உள்ள ப்ரீஆம்ப்பை டிஐ பெட்டியாகவும், அதாவது கிட்டாரின் சிக்னலை நேரடியாக மிக்ஸருக்கு ஏற்றதாக்கித் தரும் கருவியாகவும் பயன்படுத்தலாம். அதிலிருந்து ஒரு கேபிள் மிக்ஸருக்கும், சாதாரண ஜாக்கிலிருந்து இன்னொன்று உங்கள் ஆம்ப்புக்கும் செல்லும். கேபிளைச் செருகும்போதும் கழற்றும்போதும் அந்த சேனலை மியூட் செய்யுமாறு ஒலிப்பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள். இணைத்த பின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் சிக்னல் கேபிளின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் விலக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பவர் பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.