பாம்பன் பாலத்தில் இழுக்காத வண்டி: டர்போவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை தட்டுத் தரைதான். வண்டிக்கு இழுவை இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் ஒரே மேடு பாம்பன் சாலைப் பாலம். மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரத்திலிருந்து வரும்போது என் பிக்கப் அந்த ஏற்றத்தில்தான் முதல் முறையாகத் திணறியது. பின்னால் கரும்புகை வேறு. ஒரு பட்டறையில் பானெட்டைத் திறக்காமலே “டர்போ போச்சு” என்றார்கள். (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம்தான் டர்போ.) கீழக்கரையில் டீசல் வேலை பார்க்கும் காக்கா (அந்த ஊரில் அண்ணனை இப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் மட்டும், “தம்பி, டர்போ சாகுறதுக்கு முன்னாடி அழும். இது அழல. ஓஸைப் பாரு” என்றார். அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஓஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் கடித்த இடத்தில், விரல் நீளத்துக்குக் கிழிசல்!

அன்றிலிருந்து நான் தேடும் வரிசை இது. காசு செலவில்லாததில் தொடங்கி, செலவு பிடிப்பதில் முடியும். வண்டியில் டியூனிங் பாக்ஸ் (இழுவையைக் கூட்ட வயரிங்கில் மாட்டும் பெட்டி), ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் ஃபைலை மாற்றி ஏற்றுவது), பெரிய இன்டர்கூலர் என்று ஏதாவது மாற்றியிருப்பவர்களுக்கு இந்த வரிசை ரொம்பவே உதவும். (மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இப்படி இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிப்பதில்லை. இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரலாம். தெரிந்தே செய்யுங்கள்.)

படி 1: கேள்வி, அப்புறம் புகை

ஸ்பேனரைத் தொடும் முன் மூன்று கேள்விகள். கோளாறு லோடு இருக்கும்போது மட்டுமா, காலியாக ஓடும்போதும் உண்டா? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? கடைசியாக எதை மாற்றினீர்கள்? மூன்றாவது கேள்வியிலேயே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

புகையின் நிறமும் பேசும். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் எரியாத டீசல், அல்லது கூலன்ட். கூலன்ட் புகையில் இனிப்பு வாடை இருக்கும்.

படி 2: மாற்றியதைத் திரும்பக் கழற்று

டியூனிங் பாக்ஸ் இருந்தால் பிடுங்கிவிட்டுப் பழைய கனெக்டரை மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. கோளாறு மறைந்தால் பாக்ஸோ அதன் வயரிங்கோதான் குற்றவாளி. ரீமேப் என்றால் போட்டவரிடம் கம்பெனி ஃபைலைத் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். அதை எடுத்து வைக்காமல் வேலை செய்பவரிடம் வண்டியைக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

படி 3: ஏர் ஃபில்டர்

தனுஷ்கோடி பக்கம் காற்று அடித்தால் மணல் எங்கும் நுழையும். திறந்த கூம்பு ஃபில்டர் இந்தக் கரைக்கு ஆகாது. சத்தம் நன்றாக இருக்கும், சரி, ஆனால் உள்ளே போகும் மணல் டர்போவில் சுழலும் சக்கரத்தின் இதழ்களைத் தேய்க்கும். நான் கழற்றிவிட்டுப் பழைய பெட்டியையே மாட்டினேன்.

படி 4: ஓஸ்

இங்கேதான் பொறுமை வேண்டும். டர்போ அழுத்திய காற்று வழியில் கசிந்தால் இன்ஜினுக்குள் போய்ச் சேருவது குறைவு. கம்ப்யூட்டரோ முன்னால் அளந்த காற்றை நம்பி டீசலைக் கொடுத்துவிடும். அதனால்தான் கரும்புகையும் இழுவைக் குறைவும் ஜோடியாக வருகின்றன. சும்மா நிற்கும்போது கிழிசல் மூடிக்கொள்ளும், அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பூஸ்டை, அதாவது டர்போ கொடுக்கும் காற்றழுத்தத்தை, கூட்டிய வண்டியில் கம்பெனி ஓஸும் கிளாம்பும் முதலில் தோற்கும்.

சோதிக்கும் முறை: இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். டர்போவின் காற்று வாயில் பிவிசி மூடி ஒன்றை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். மூடியில் ஓட்டை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றை ஏற்கெனவே பொருத்தியிருக்க வேண்டும். பஞ்சர் கடையில் 10 பவுண்ட் காற்று மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். மூடிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். பிய்த்துக்கொண்டால் முகத்தில் அடிக்கும். சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும், இன்டர்கூலரின் ஓரங்களிலும் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் கோளாறு. இன்ஜின் உள்ளே திறந்திருக்கும் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

படி 5: உப்பு

மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் சேஸிஸ் முழுக்க இறங்குகிறது, கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. மூன்று இடங்களைப் பாருங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் வயர்: வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட்டர் அடியுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். அடுத்து சென்சார் கனெக்டர்கள், உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். மூன்றாவது, பூஸ்டைக் கட்டுப்படுத்தும் டர்போ ஆக்சுவேட்டரின் கம்பி. துருப்பிடித்து இறுகினால் பூஸ்ட் வராது, அல்லது அளவுக்கு மேல் வரும். ஸ்கேனரில் பி0299 என்ற கோளாறு எண் வந்தால் பூஸ்ட் குறைவு, பி0234 வந்தால் அதிகம். இரண்டுமே டர்போ செத்துவிட்டது என்று சொல்வதில்லை.

வண்டி கொதித்தால் இன்டர்கூலர், ரேடியேட்டர் இடுக்குகளில் உப்பும் மணலும் அடைத்திருக்கிறதா பாருங்கள். நல்ல தண்ணீரால், இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊர்களில் இது வலிக்கத்தான் செய்யும். அதற்காக போர் தண்ணீரை ரேடியேட்டருக்குள் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே உப்புப் படிந்துவிடும். சூட்டோடு மூடியையும் திறக்காதீர்கள்.

படி 6: டீசல்

டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். காமன் ரெயில் குழாய்களை (இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசல் போகும் குழாய்கள்) மட்டும் இன்ஜின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

படி 7: இப்போது டர்போ

இன்ஜின் அணைந்து, ஆறிய பிறகுதான். காற்று வாயில் விரலை விட்டு டர்போ சக்கரத்தின் தண்டை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இதழ் சுவரில் உரசியிருந்தாலோ டர்போவைக் கழற்றத்தான் வேண்டும். இன்டர்கூலர் குழாயில் ஆயில் குட்டையாக நின்றாலும் வண்டியை ஓட்டாதீர்கள். அந்த ஆயிலையே குடித்து இன்ஜின் தானாக எகிறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆகிவிட்டால் பிரேக்கை அழுத்தி, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டு அமர்த்துங்கள்.

புது டர்போ மாட்டும்போது இன்டர்கூலரைக் கழற்றி ஆயிலை முழுக்க வடிக்க வேண்டும். ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றி, டர்போவுக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயில் அடைப்பில்லை என்று பார்த்த பிறகு, டர்போவில் அந்தக் குழாய் சேரும் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, குழாயை மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், எடுத்த எடுப்பில் ரேஸ் பண்ண வேண்டாம். அப்புறம் லோடு ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலம்.