கேட்ட விலையை மறைக்காதீர்கள்: காணித் தரகுக்குப் புதிதாக வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் காணி காட்டித் திரியும் இளம் தரகர்கள் சிலர் என்னிடம் வந்து புத்தி கேட்பதுண்டு. கேட்பது ஒன்று, செய்வது வேறு. நாங்கள் தொழில் தொடங்கிய காலத்தில் விழுந்த அதே கிடங்குகளில் தேடிப்போய் விழுகிறார்கள்.

உறுதியை, அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தைப் பார்க்காமல் காணி காட்டுவது, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியை உறுதிக் காணி என்று கதைவிடுவது, பழைய நில அளவைப் பிளானை நம்பிப் பேர்ச்சஸ் (காணி அளவு) கணக்குச் சொல்வது எல்லாம் இங்கே இல்லை. அதுகூடத் தெரியாதவர் வேறு தொழில் பார்ப்பது நல்லது. நான் எழுதுவது, விலை கேட்டு ஆள் வந்த பிறகு நடக்கும் கூத்துகளைப் பற்றி.

கேட்ட விலையை வடிகட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். வாங்க வந்தவர் ஒருவர் ஒரு விலைக்குக் கேட்கிறார். அதைச் சொந்தக்காரரிடம் சொல்வதா விடுவதா என்று தரகர் தானே தீர்மானித்துவிடுகிறார்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவரிடம் உப்புவெளியில் 20 பேர்ச்சஸ் காணி விற்பனைக்கு வந்தது. சொந்தக்காரி லண்டனில் இருக்கும் ஓர் அக்கா. முதலில் கொழும்புப் பார்ட்டி ஒன்று பேர்ச்சஸ் 9 லட்சத்துக்குக் கேட்டது, வங்கிக் கடனை நம்பி. அடுத்து டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர் எட்டரை லட்சத்துக்குக் கேட்டார். முழுவதும் கைக்காசு, அந்த மாதத்துக்குள்ளேயே உறுதி முடிக்கலாம் என்றார். தம்பி முதலாவதை மட்டும் அக்காவுக்குச் சொன்னார். கடைக்காரருக்கு, “அந்த விலைக்கு அக்கா குடுக்க மாட்டா” என்று தானே பதிலும் கொடுத்துவிட்டார்.

ஏன் என்று கேட்டேன். “குறைஞ்ச விலையைச் சொன்னா அக்கா ஏசுவா அண்ணே.” அது பாதி உண்மை. மீதியைக் கணக்குச் சொல்லும். 180 லட்சத்தில் 3 வீதத் தரகு 5 லட்சத்து 40 ஆயிரம். 170 லட்சத்தில் 5 லட்சத்து 10 ஆயிரம். அந்த முப்பதாயிரத்துக்காகத்தான் கடைக்காரர் மறைக்கப்பட்டார்.

வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துப் போட்ட பெறுமதி, பேசிய விலைக்கு வெகு கீழே நின்றது. எதிர்பார்த்த கடன் கிடைக்கவில்லை. கொழும்புப் பார்ட்டி பிறகு போனே எடுக்கவில்லை. அதற்குள் கடைக்காரர் சாம்பல்தீவில் வேறு காணி வாங்கிவிட்டார்.

இது இத்துடன் முடிந்திருந்தால் துரதிர்ஷ்டம் என்று விட்டிருக்கலாம். ஆனால் திருகோணமலை சின்ன ஊர், வெளிநாட்டுக்குப் போனாலும் சின்ன ஊர்தான். கடைக்காரரின் சொந்தக்காரப் பெண் ஒருவர் லண்டனில் ஒரு கல்யாண வீட்டில் அக்காவைக் கண்டு, “உங்கட காணியை எங்கட மச்சானும் கேட்டவர், நீங்கள்தான் மாட்டன் எண்டிட்டீங்களாம்” என்று சொல்லியிருக்கிறார். அன்றிரவே அக்கா தம்பிக்குப் போன் எடுத்துக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “என்ர காணிக்கு மாட்டன் எண்டு சொல்ல நீங்கள் ஆர்?” காணி வேறு தரகரிடம் போனது. அந்தக் குடும்பத்தின் மற்றக் காணிகளும் கூடவே போயின.

அக்காவின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தில் 1979 ஆம் ஆண்டின் வீடு, காணி விற்பனை முகவர் சட்டமும் அதன் கீழ் 1991 இல் வந்த விதிகளும் இருக்கின்றன. வந்த விலையைத் தாமதிக்காமல் எழுத்தில் விற்பவருக்கு அறிவிக்க வேண்டியது அங்கே முகவரின் கடமை. இப்படிப்பட்ட விலைகளை எனக்கு அனுப்ப வேண்டாம் என்று விற்பவரே எழுத்தில் சொல்லியிருந்தால்தான் விலக்கு. அந்த நாட்டில் வீடு வாங்கி விற்றுப் பழகியவர்கள்தான் ஆடி ஆவணியில் விடுமுறைக்கு வந்து நம்மிடம் காணியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

“முதல் ஆளுக்கு வாக்குக் குடுத்தாச்சு, பிறகு வந்தவரை எப்படிச் சொல்லுறது?” என்றும் தம்பிமார் கேட்பார்கள். இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை உடன்படிக்கை எழுத்தில், உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தானால்தான் செல்லும். அதுவரை வாய்வார்த்தை வாய்வார்த்தைதான். வாக்கைக் காப்பதா விடுவதா என்பது சொந்தக்காரரின் மனச்சாட்சிக்கு உரிய விசயம். அதைத் தீர்மானிக்க அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

விலையை மட்டும் சொல்வதும் பாதி மறைப்பு. கைக்காசா கடனா, கடனென்றால் வங்கியில் எந்தக் கட்டம், முற்பணம் எவ்வளவு, உறுதி எப்போது, வேலி அடைத்துத் தர வேண்டும் போல நிபந்தனை ஏதும் உண்டா, இத்தனையும் சேர்ந்ததுதான் கேட்ட விலை. நான் அன்றைக்கே வட்ஸ்அப்பில் எழுதிவிடுவேன். குரல்பதிவு போடுவதில்லை, பிறகு தேடி எடுக்க முடியாது. விலை சிரிப்புக்கிடமாக இருந்தாலும் எழுதுவேன். கீழே என் அபிப்பிராயத்தைத் தனி வரியாகப் போடுவேன். அபிப்பிராயம் சொல்லத்தான் நமக்குத் தரகு.

வராத ஆளைக் காட்டுவது

“இன்னொரு பார்ட்டி நாளைக்கு அட்வான்ஸோட வருது.” வருகிறதென்றால் சொல்லுங்கள். இல்லையென்றால் வாயை மூடுங்கள்.

மேல்வைத்து விற்பது

“உங்களுக்கு இவ்வளவு கையில வரும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்ளுறன்.” விற்பவர் தெரிந்து சம்மதித்தால் அது அவர் விருப்பம். வாங்குபவருக்கு ஒரு விலை, விற்பவருக்கு இன்னொரு விலை சொல்லிவிட்டு இருவரையும் சந்திக்க விடாமல் காப்பவர்களைத்தான் சொல்கிறேன். உறுதி எழுதும் நாளில் நொத்தாரிசு வாசித்து விளங்கப்படுத்துவார். விலை அதில் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும். அப்போது தரகர் தண்ணீர் குடிக்க வெளியே போவதை நான் கண்டிருக்கிறேன்.

மச்சானுக்கு வாங்குவது

வாங்கலாம். விலை பேச முன்பே, எழுத்தில், “இவர் என் மச்சான்” என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு சொன்னால் நியாயமான விலைகூடத் திருட்டு விலையாகத்தான் தெரியும்.

இரண்டு பக்கமும் தரகு

இருவருக்கும் தெரிந்தால் மட்டும்.

முற்பணத்தைத் தரகர் கையில் வாங்குவது

வேண்டாம். துண்டில் எழுதிய ரசீது விற்பனை உடன்படிக்கை ஆகாது, பேச்சு முறிந்தால் இரண்டு பக்கமும் உங்கள் வாசலில்தான் நிற்கும். காசு நொத்தாரிசு முன்னிலையில் கைமாறட்டும், அல்லது விற்பவரின் கணக்குக்கு நேரே போகட்டும்.

உறுதியில் விலையைக் குறைக்க யோசனை சொல்வது

முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். கட்டுவது வாங்குபவர். அதைக் குறைக்க வழியுண்டா என்று உங்களிடம்தான் மெல்லக் கேட்பார்கள். நொத்தாரிசிடம் கேளுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.